கொலுவுக்கு வந்தவள்

நவராத்திரிக்குப் பரணிலிருந்து பொம்மைப் பெட்டிகளை இறக்கும்போதே எனக்கு ஒரு பெண்ணின் ஞாபகம் வந்துவிடும். அப்புறம் அரைமணி நேரம் கை வேலை ஓடாது. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இருந்தும் அந்த உறுத்தல் போகவில்லை.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், நியூ ஜெர்ஸி மாநிலத்தில், எடிசன் என்ற ஊருக்குப் பக்கத்தில். நம்மவர்கள் நிறைய. ஓக் ட்ரீ ரோடு என்ற கடைத்தெருவுக்குப் போனால் புடவை, மளிகை, நகை என்று எதற்கும் குறைவில்லை. அதனால் கொலு வைத்தால் அழைப்பதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. 2012-ஆம் வருஷம் அக்டோபர் 20, சனிக்கிழமை. அன்று எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் அவளும் ஒருத்தி. செல்வி என்று வைத்துக்கொள்வோம். நிஜப் பெயர் அதுவல்ல. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். மூன்று வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு தெரு தள்ளி இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில்தான் ஜாகை. கடையில் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான் பழக்கம்.

சமையலறையில் நான் சுண்டலைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். மெதுவாக உள்ளே வந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? யாராவது போன் பண்ணிச் சொன்னா, நம்மளைப் பிடிச்சு ஊருக்கு அனுப்பிடுவாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "யாரு சொன்னா உனக்கு?"

"அவருதான். அடிக்கடி சொல்றாரு. குழந்தை இங்க பொறந்தது, அது இங்கயே இருக்கும், உன்னை மட்டும் ஏத்தி விட்டுருவேன்னு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கோபத்துல ஆம்பிளைங்க ஆயிரம் சொல்லுவாங்க. நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும், செல்வி" என்றேன். வாசலில் வேறு யாரோ மணி அடித்தார்கள். தாம்பூலத்தையும் ரவிக்கைத் துண்டையும் அவள் கையில் கொடுத்து, குங்குமம் இட்டு அனுப்பிவிட்டேன். பெரிய மனுஷி பேசி முடித்துவிட்டேனாம்!

ஒன்பது நாள் கழித்து, 29-ஆம் தேதி, சாண்டி என்ற அந்தப் பெரும்புயல் நியூ ஜெர்ஸியைத் தாக்கியது. எங்கள் பக்கம் எட்டு நாள் மின்சாரம் இல்லை. குளிரில் வீடு ஐஸ் பெட்டி போல் ஆகிவிட்டது. நல்ல வேளையாக எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு. தீக்குச்சி கிழித்தால் எரியும். செல்வி வீட்டில் மின்சார அடுப்பு. பையனுக்குப் பால் சுடவைக்க எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

ஸ்வெட்டர் கையை மணிக்கட்டு வரை இழுத்து விட்டிருந்தாள். பாலைக் கலக்கும்போது அது மேலே ஏறிற்று. கையில் விரல் பதிந்த தடங்கள். பழசு மஞ்சளாக, புதுசு நீலமாக. நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

"கேக்காதீங்கக்கா. கேட்டா அழுதுருவேன். பையன் பாக்குறான்."

பால் பொங்கி வழிந்தது. இருவருமே அடுப்பை அணைக்கவில்லை.

அந்த எட்டு நாளும் தினம் வந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். பாஸ்போர்ட் அவன் ஆபீஸ் மேஜையில். பாங்கு அட்டை கிடையாது. அம்மாவோடு பேச வேண்டுமென்றால் ஸ்பீக்கரில் போட்டு அவன் எதிரிலேயே பேச வேண்டும். அடி வாரத்துக்கு ஒரு தரம். அதைவிட அவளை அதிகமாகக் கட்டிப் போட்டது அந்த ஒரு வார்த்தைதான்: "ஏத்தி விட்டுருவேன்."

அது வெறும் மிரட்டல் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இந்த விவரத்தைப் பெண்ணைப் பெற்றவர்கள் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும். செல்வி 2008-ல் வந்தபோது கணவனுக்கு எச்-1பி என்ற வேலை விசா. மனைவிக்குக் கொடுப்பது எச்-4. அது கணவனுடைய விசாவின் வால். அவனுக்கு இருக்கும் வரையில்தான் இவளுக்கு. 2010-ல் அவனுக்குக் கிரீன் கார்டு, அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, வந்துவிட்டது. எச்-1பி போயிற்று, அதோடு எச்-4-ம் போயிற்று. மனைவிக்கும் சேர்த்து மனுப் போட்டிருந்தால் அவளுக்கும் கிரீன் கார்டு வந்திருக்கும். அவன் போடவே இல்லை. "போட்டிருக்கேன், வரும்" என்று இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த இரண்டு வருஷமும் செல்வி தனக்குத் தெரியாமலே அனுமதியில்லாமல் தங்கியிருந்தாள்.

மாப்பிள்ளை அமெரிக்கா என்றதும் நாம் ஜாதகம் பார்க்கிறோம், சம்பளம் கேட்கிறோம், சொந்த வீடா என்று விசாரிக்கிறோம். பெண்ணுக்கு என்ன விசா, அதில் அவள் பெயருக்குத் தனியாக என்ன இருக்கிறது என்று எத்தனை அப்பாக்கள் கேட்கிறார்கள்?

என் கணவரிடம் சொன்னேன். "நமக்கு எதுக்கு வம்பு?" என்றார் முதலில். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். நாங்கள் குடியுரிமை வாங்கி வருஷங்கள் ஆகியிருந்தும் அரசாங்கக் கடிதம் என்றால் அவருக்குக் கை நடுங்கும். ஆனால் பின்னாளில் கோர்ட்டுக்குப் போன ஒவ்வொரு தரமும் லீவு போட்டுக் காரோட்டி வந்தவர் அவர்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

2013 ஜனவரியில் ஒரு ராத்திரி செல்வியே 911-க்குப் போன் செய்தாள். போலீஸ் வந்தது. குடும்ப நீதிமன்றம் அவன் அவளை நெருங்கக் கூடாது என்று தடை உத்தரவு போட்டது. இந்தப் பக்கங்களில் நம் பெண்களுக்காகவே நம்மவர்கள் தொடங்கிய அமைப்புகள் இருக்கின்றன. நியூ ஜெர்ஸியில் 1985-லிருந்து மானவி, நியூயார்க்கில் 1989-லிருந்து சகி. இத்தனை வருஷம் அதே ஊரில் குடியிருந்தும் எனக்குத் தெரியாது! போன் மேல் போன் போட்டு, ஓர் அமைப்பின் மூலமாகச் சம்பளம் வாங்காத ஒரு வக்கீலைப் பிடித்தோம். சின்ன வயசுப் பெண். தமிழ் தெரியாது, ஆனால் எதையும் இரண்டு தரம் சொல்லச் சலிக்காதவள்.

அந்தக் கோடையில் செல்விக்கு அரசாங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அனுமதியின்றித் தங்கியிருக்கிறாய், நியூவர்க் நகரத்துக் குடியேற்ற நீதிமன்றத்தில் நீதிபதி முன் ஆஜராக வேண்டும் என்று. நாடு கடத்தும் வழக்கு. அதிகாரிகளுக்கு எப்படித் தெரிந்தது என்பது எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவன்தான் எழுதிப் போட்டிருப்பான் என்பது என் சந்தேகம். செல்வி அந்தக் காகிதத்தை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்கு ஆக்கிவிட்டாள். "அவரு சொன்னது நடந்துருச்சுக்கா" என்றாள்.

வக்கீல் பெண் அன்று சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். 1994-ல் கிளின்டன் ஜனாதிபதியாக இருந்தபோது பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான சட்டம் ஒன்று வந்தது. அதற்கு முன் கிரீன் கார்டுக்கு மனுப் போடும் உரிமை கணவன் கையில்தான். போடுவதும் அவன் இஷ்டம், கோபம் வந்தால் திரும்ப வாங்கிக்கொள்வதும் அவன் இஷ்டம். அடிக்கிறவன் கையிலேயே சாவி! இந்தச் சட்டம் அந்தச் சாவியை அவன் கையிலிருந்து வாங்கிவிட்டது. கணவன் அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவனாகவோ இருந்து மனைவியைக் கொடுமைப்படுத்தினால், அவள் தனக்குத் தானே மனுப் போடலாம். அவன் கையெழுத்து வேண்டாம். அவனுக்குத் தெரியவும் வேண்டாம். அரசாங்கம் அவனிடம் சொல்லக் கூடாது, அவன் சொல்வதை மட்டும் வைத்து அவளுக்கு விரோதமாக முடிவெடுக்கவும் கூடாது என்று 1996-ல் சட்டமாக்கினார்கள். விவாகரத்து ஆகியிருந்தால்கூட, அந்தக் கொடுமையால் ஆனது என்றால், இரண்டு வருஷத்துக்குள் போடலாம். பெயர்தான் பெண்கள் சட்டம், அடிபடும் கணவனும் போடலாமாம்.

இன்னொரு வழி கோர்ட்டிலேயே இருந்தது. நாடு கடத்துவதை ரத்து செய்யுங்கள் என்று நீதிபதியிடமே கேட்பது. சாதாரணமாக இதற்குப் பத்து வருஷம் அங்கே இருந்திருக்க வேண்டும். அனுப்பினால் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள கணவன் அல்லது மனைவிக்கோ, பெற்றோருக்கோ, குழந்தைக்கோ மிக அசாதாரணமான கஷ்டம் வரும் என்று நிரூபிக்க வேண்டும். மனுப் போடுகிறவருடைய சொந்தக் கஷ்டம் அங்கே கணக்கில் இல்லை. ஆனால் கொடுமைக்கு ஆளான மனைவிக்கு மூன்று வருஷம் போதும். அவளுடைய கஷ்டமும் கணக்கில் உண்டு. "ரெண்டு அடுப்புலயும் ஏத்தி வெப்போம், எது முதல்ல கொதிக்குதோ" என்று நான் செல்விக்கு விளக்கினேன்.

கேட்கும்போது சுலபமாக இருந்தது. ஆதாரம் என்று வந்தபோதுதான் தெரிந்தது பாடு.

முதலில் கல்யாணம் நிஜக் கல்யாணம் என்று காட்ட வேண்டும். கிரீன் கார்டுக்காகச் செய்துகொண்ட பொய்க் கல்யாணம் இல்லை என்று. ஆல்பம் அவன் வீட்டில். செல்வியின் அப்பாவுக்குப் போன் செய்தாள். அவர் அதுவரை அவளோடு பேசாமல் இருந்தார். தடை உத்தரவு வாங்கியது அவருக்கு மானக்கேடு. "பத்திரிகை ஒண்ணு இருந்தா அனுப்புங்கப்பா" என்று மட்டும் கேட்டாள். பதில் சொல்லாமல் வைத்துவிட்டார். பத்து நாளில் கூரியர் வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு, மாலையும் கழுத்துமாய் எட்டுப் புகைப்படங்கள். மொய் நோட்டை எதற்கு அனுப்பினாரோ! பார்த்துவிட்டு வக்கீல் பெண் துள்ளிக் குதித்தாள். இத்தனை பேர் பணம் வைத்து எழுதிக் கொடுத்த கல்யாணத்தைப் பொய் என்று யார் சொல்வார்கள்? ஊர்ப் பெயர்களையும் நூற்றொன்று, ஐந்நூற்றொன்றுகளையும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்ததில் எனக்கு இரண்டு ராத்திரி போயிற்று.

அடுத்தது அவளே எழுத வேண்டிய வாக்குமூலம். நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதினாள். எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, பையன் தூங்கிய பிறகு. நான் மொழிபெயர்த்தேன், இரண்டு மொழியும் தெரியும் என்று கையெழுத்துப் போட்டு. "அவர் என் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். பிறகு சாப்பாடு போடச் சொன்னார்." எல்லா இடத்திலும் "அவர்", "அடித்தார்", "சொன்னார்". ஒரு இடத்தில்கூட மரியாதை விட்டுப் போகவில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது அது எங்கே நிற்கும்? அடித்தான் என்றுதான் நீதிபதி படித்திருப்பார்.

அடி மட்டும்தான் கொடுமை என்று நான் நினைத்திருந்தேன். சட்டம் அப்படி நினைக்கவில்லை. பாஸ்போர்ட்டை ஒளித்து வைப்பது, காசு கொடுக்காமல் அடைத்து வைப்பது, நாடு கடத்திவிடுவேன் என்று மிரட்டுவது எல்லாம் சேர்த்துப் பார்க்கிறார்கள். போலீஸ் ரிப்போர்ட்டும் ஆஸ்பத்திரிச் சீட்டும்தான் வேண்டும் என்றும் இல்லை. நம்பத்தக்க எந்த ஆதாரமும் செல்லும். பக்கத்து வீட்டுக்காரி எழுதிய கடிதமும் செல்லும்.

பக்கத்து வீட்டுக்காரி நான்தானே? எழுதினேன். புயல், பால், கையில் இருந்த தடம் என்று இரண்டு பக்கம். வக்கீல் பெண் படித்துவிட்டு, "இந்த மிரட்டலைப் பற்றி உங்களுக்கு எப்போது முதன்முதலில் தெரியும்?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. செல்வி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளும் வாயைத் திறக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

கடைசியில் சொன்னேன். கொலு, சுண்டல், அனுசரித்துப் போ என்றது. எல்லாவற்றையும். எனக்கு முகம் எரிந்தது. ஆனால் வக்கீல் பெண் பேனாவை எடுத்து வேகமாக எழுத ஆரம்பித்துவிட்டாள். ஏன் தெரியுமா? கிரீன் கார்டு ஆசையில் இவளே கட்டிவிட்ட கதை என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும். 2012 அக்டோபரில் செல்விக்கு வக்கீல் கிடையாது, வழக்கு கிடையாது, இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. அன்றைக்கே அவள் பயந்து ஒருத்தியிடம் கேட்டிருக்கிறாள் என்றால், அதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்? அன்று வந்தவர்களையெல்லாம் கொலுப் படி முன்னால் நிற்க வைத்து நான் படம் எடுத்திருந்தேன். தேதியோடு கணினியில் இருந்தது. அதில் செல்வி முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு நிற்கிறாள். எங்கள் ஊர் நவராத்திரியில், வீட்டுக்குள் இருக்கும் சூட்டில், வேறு ஒருத்தியும் முழுக்கை போடவில்லை. நான் அன்று அதைப் பார்த்தும் பார்க்கவில்லை.

கடிதத்தை முதலிலிருந்து திருப்பி எழுதினேன்.

சுயமனு அப்போது வெர்மாண்ட் மாநிலத்தில் இதற்கென்றே இருந்த பிரிவுக்குப் போயிற்று. அவள் பெயருக்கு வரும் கடிதங்கள் பத்திரமான விலாசத்துக்கு வர வேண்டும் என்று எங்கள் வீட்டு விலாசத்தைக் கொடுத்திருந்தோம். தினம் தபால் பெட்டியைத் திறக்கும் வேலை என்னுடையது. மனு ஏற்கப்பட்டது. ஆனால் கணவன் குடிமகன் இல்லை, கிரீன் கார்டுக்காரன்தான் என்பதால் அதில் இன்னும் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. ஆகையால் கோர்ட்டுதான் கதி.

2015 வசந்த காலத்தில் விசாரணை. சின்ன அறை. ஜூரி கிடையாது, நீதிபதி ஒருவர்தான். அரசாங்கத் தரப்பு வக்கீல் ஒருவர், மொழிபெயர்க்க ஒருவர். செல்வி மூன்று மணி நேரம் பதில் சொன்னாள். ஊருக்கு அனுப்பினால் என்ன கஷ்டம் என்பதுதான் முக்கியக் கேள்வி. பையன் மூன்றரை வயது வரை பேசவில்லை. அரசுப் பள்ளியில் பேச்சுப் பயிற்சி கொடுத்து, அப்போதுதான் வாக்கியமாகப் பேச ஆரம்பித்திருந்தான். அந்த ஆசிரியை கடிதம் கொடுத்திருந்தார். நியூ ஜெர்ஸி நீதிமன்றத்தின் தடை உத்தரவு தஞ்சாவூரில் செல்லாது. அங்கே அவன் அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள். பையனை விட்டுவிட்டும் போக முடியாது, தகப்பன் சம்மதமோ கோர்ட் அனுமதியோ இல்லாமல் அழைத்துக்கொண்டும் போக முடியாது.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். சத்தியப் பிரமாணம் செய்தேன். அரசாங்க வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார்.

"அக்டோபரிலேயே இந்தப் பெண் உங்களிடம் சொன்னாள் என்கிறீர்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"அனுசரித்துப் போகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினேன்."

"நம்பவில்லையா?"

"நம்பினேன். அதனால்தான் சீக்கிரம் அனுப்பினேன்."

இதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்துவிட்டது. நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். மேற்கொண்டு கேள்வி இல்லை என்றார் அரசாங்க வக்கீல்.

நாடு கடத்தல் ரத்து என்று நீதிபதி சொன்னபோது செல்விக்குப் புரியவில்லை. மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் என் கணவர் பின் வரிசையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். எழுத்தில் உத்தரவு வர இன்னும் சில மாதம் ஆயிற்று. நாடு முழுவதும் சேர்த்து வருஷத்துக்கு 4,000 பேருக்குத்தான் இப்படிக் கொடுக்கலாம் என்று ஒரு கணக்கு இருக்கிறது.

செல்விக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. கணவன் எச்-1பி விசாவிலேயே இருந்திருந்தால் இந்த இரண்டு வழியும் அடைப்பு. அப்படிப்பட்ட பெண்கள்தான் நம்மில் அதிகம். அவர்களுக்கு யு விசா என்று ஒன்று உண்டு. குற்றத்துக்கு ஆளாகி, போலீசுக்கு ஒத்துழைத்தேன் என்று அவர்களிடமே சான்று வாங்க வேண்டும். வருஷத்துக்கு 10,000 பேருக்கு மேல் கிடையாது. காத்திருப்பவர்களோ லட்சத்துக்கும் மேல். கொடுமைக்கு ஆளான எச்-4 மனைவி வேலை பார்க்க அனுமதி கேட்கலாம் என்று 2006-லேயே சட்டமானது, அதற்கான விண்ணப்பப் படிவம் வந்தது 2017-ல்! அதுவும் வேலைக்கு மட்டும்தான், கிரீன் கார்டுக்கு இல்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆவதற்குள் கணவன் மூலம் கிரீன் கார்டு வாங்கியவர்களுக்கு அது இரண்டு வருஷக் கெடுவோடுதான் வரும். கெடு முடியும்போது இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அடிக்கிறவன் கையெழுத்து மாட்டேன் என்றால், அவன் இல்லாமலே கேட்க விலக்கு இருக்கிறது. இதைத் தெரியாமல் எத்தனையோ பெண்கள் அந்தக் கையெழுத்துக்காக அடிபட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள். சட்டங்களும் நடைமுறையும் அடிக்கடி மாறுவதால், தெரிந்தவர் சொன்னார் என்று எதையும் கையெழுத்திட்டு அனுப்பாமல் இதற்கென்று இருக்கும் வக்கீலைப் பார்ப்பது நல்லது.

செல்வி இப்போது ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். அவள் அப்பா ஒரு தரம் வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போனார். என்னிடம் அதிகம் பேசவில்லை. கொல்லையில் அவரைப் பந்தல் போட்டுக் கொடுத்தார்.

வழக்கு முடிந்ததும் வக்கீல் அலுவலகத்திலிருந்து அசல் காகிதங்கள் திரும்பி வந்தன. அந்த வருஷக் கொலுவன்று செல்வி அவற்றை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். கல்யாணப் பத்திரிகையின் முதல் பக்கத்தில், மணமகன் பெயருக்குப் பக்கத்தில், கோர்ட் எண் ஒட்டிய சீட்டு. மஞ்சள் அப்படியே இருந்தது.

"இதை என்னக்கா பண்றது? கிழிச்சுப் போட்டுரவா?"

"வேண்டாம், பத்திரமா வெச்சுக்கோ. அஞ்சு வருஷம் கழிச்சுக் குடியுரிமைக்கு மனுப் போடும்போது கேட்டாலும் கேப்பாங்க" என்றேன். பையனின் பிறப்புச் சான்றிதழ் இருந்த உறைக்குள் செருகிக்கொண்டாள். பிறகு சமையலறைக்கு வந்து சுண்டலைப் பொட்டலம் கட்ட ஆரம்பித்தாள்.